நூற்றுக்கு எத்தனை பேர்?

'இரு மடங்கு ஆபத்து', '40 சதவீதம் குறைவான வாய்ப்பு', 'மிக அரிய பக்கவிளைவு'... நாள்தோறும் நாம் படிக்கும் இந்தச் சொற்களில் விடுபட்டுப்போவது என்ன?

1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, நாட்டின் மருத்துவர்களுக்கும் மருந்தாளுநர்களுக்கும் ஓர் அவசர எச்சரிக்கை அனுப்பியது. அன்று புழக்கத்தில் இருந்த மூன்றாம் தலைமுறைக் கருத்தடை மாத்திரைகளைச் சாப்பிடும் பெண்களுக்கு ரத்தநாளங்களில் ரத்தம் உறைந்து கட்டியாகும் ஆபத்து, முந்தைய தலைமுறை மாத்திரைகளோடு ஒப்பிட்டால் இரு மடங்கு என்றது அந்த எச்சரிக்கை. தொலைக்காட்சியும் நாளேடுகளும் அதை நாடு முழுக்கக் கொண்டுபோயின. பல பெண்கள் மாத்திரையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். சில ஆண்டுகளாகக் குறைந்துகொண்டே வந்த கருக்கலைப்பு எண்ணிக்கை அடுத்த ஆண்டில் திடீரென ஏறியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கூடுதலாக ஏறத்தாழ 13,000 கருக்கலைப்புகள் நடந்ததாகப் பின்னால் மதிப்பிட்டார்கள். எச்சரிக்கைக்கு அடிப்படையான ஆய்வுகளில் இருந்த எண்களோ மிகச் சிறியவை. பழைய மாத்திரை சாப்பிட்ட 7,000 பெண்களில் ஏறத்தாழ ஒருவருக்கு ரத்தக்கட்டு வந்தது. புதிய மாத்திரை சாப்பிட்ட 7,000 பெண்களில் இருவருக்கு வந்தது. கர்ப்ப காலத்தில் ரத்தக்கட்டு வரும் ஆபத்து இந்த இரண்டையும்விடக் கூடுதல். ஆபத்துக்கு அஞ்சி மாத்திரையை விட்டவர்களில் கருவுற்ற ஒவ்வொருவரும் அதைவிடப் பெரிய ஆபத்துக்குள் போய்ச் சேர்ந்தார்கள்.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் கவலைக்குரியது. ஒன்று இரண்டானால் அது இரு மடங்குதான். ஆனால் 'இரு மடங்கு' என்பது பாதி வாக்கியம். எதன் இரு மடங்கு, எத்தனை பேரில், எவ்வளவு காலத்துக்குள் என்ற மீதிப் பாதி வந்து சேரும்வரை அதை வைத்து ஒரு பெண்ணால் எந்த முடிவும் எடுக்க முடியாது. பயப்பட மட்டுமே முடியும். நிகழ்தகவுகளை ஒப்பிடும்போது நாம் புழங்கும் அன்றாடச் சொற்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட பாதி வாக்கியங்களாகவே இருக்கின்றன. எண்ணைச் சொல்வதாலேயே அவை துல்லியமானவைபோலத் தோன்றுகின்றன. ஒரே ஆய்வு முடிவை நான்கு விதமாகச் சொல்லலாம், நான்கும் உண்மையாக இருக்கும், கேட்பவர் மனத்தில் நான்கு வெவ்வேறு உலகங்கள் உருவாகும் என்றால், எதைத் தேர்ந்தெடுத்துச் சொல்கிறோம் என்பது நடைப் பிரச்சினையாக நின்றுவிடாது; நேர்மைப் பிரச்சினையாகிறது. அடிப்படை எண்ணைச் சொல்லாமல் ஒப்பீட்டை மட்டும் சொல்லும் வழக்கத்தைப் பத்திரிகைகளும் மருத்துவத் துறையும் அரசும் கைவிட வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

மடங்கும் சதவீதமும்

முதலில் 'மடங்கு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். 'இரு மடங்கு' என்றால் எல்லோருக்கும் ஒரே பொருள்தான். 'ஒரு மடங்கு கூடிவிட்டது' என்றாலும் அதே பொருள். இருந்ததோடு இன்னொரு மடங்கு சேர்ந்துவிட்டது. அப்படியானால் 'இரண்டு மடங்கு அதிகம்' என்பது மூன்று மடங்காக இருக்க வேண்டும். ஆனால் நாளேடுகளில் அது பெரும்பாலும் இரு மடங்கையே குறிக்கிறது. எழுதியவர் எதை நினைத்தார் என்பது மூல எண்களைத் தேடிப் பார்த்தால்தான் தெரியும். சதவீதத்தில் குழப்பம் இன்னும் ஆழமானது. ஒரு நோய் 100 பேரில் 4 பேருக்கு வந்துகொண்டிருந்தது, இப்போது 5 பேருக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இதை '1 சதவீத உயர்வு' என்றும் எழுதலாம், '25 சதவீத உயர்வு' என்றும் எழுதலாம். முன்னது இரண்டு சதவீதங்களுக்கு இடையிலுள்ள கழித்தல். பின்னது பழைய அளவோடு ஒப்பிட்ட வளர்ச்சி. இரண்டுக்கும் 'சதவீதம்' என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்துவதால், படிப்பவருக்கு எது எதுவென்று பிரித்தறிய வழியில்லை.

வங்கித் துறை இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துக்கொண்டுவிட்டது. 2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 6.50இலிருந்து 6.25 சதவீதமாகக் குறைத்தபோது, '25 அடிப்படைப் புள்ளிகள்' குறைப்பு என்றே அறிவித்தது. நூறு புள்ளிகள் சேர்ந்தால் ஒரு சதவீதம் என்று ஓர் அலகையே உருவாக்கிவைத்திருப்பதால், அங்கே கழித்தலையும் வளர்ச்சியையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. பணம் கைமாறும் இடத்தில் இந்தக் கறார் இருக்கிறது. உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் இல்லை. 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியை நாளுக்கு 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து 18 சதவீதம் கூடும் என்று அறிவித்தது. அதைப் படித்த பலர், இறைச்சி சாப்பிடும் நூறு பேரில் பதினெட்டுப் பேருக்குப் புற்றுநோய் வரும் என்றே புரிந்துகொண்டிருப்பார்கள். மேலை நாடுகளில் வாழ்நாள் முழுக்கக் கணக்கிட்டால் நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு பேருக்கு வரும் நோய் ஏழு பேருக்கு வரும் என்பதே அதன் பொருள். நூறு பேரில் ஒருவர் கூடுவது அற்பமான விஷயம் இல்லைதான். ஆனாலும் அது பதினெட்டுப் பேர் ஆகாது.

ஒரே ஆய்வு, நான்கு செய்திகள்

வார்த்தைத் தேர்வு ஓர் ஆய்வின் தலையெழுத்தையே எப்படி மாற்றும் என்பதற்கு, 1999இல் அமெரிக்காவில் நடந்ததைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. கெவின் ஷுல்மன் தலைமையிலான குழு 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. நெஞ்சுவலி என்று சொல்லும் நோயாளிகளாக நடிகர்களை நடிக்கவைத்துப் படம்பிடித்து, அந்தக் காணொளிகளை 720 மருத்துவர்களிடம் காட்டினார்கள். நோய் விவரம் ஒன்றாகவே இருக்கும். நடிகரின் இனமும் பாலினமும் மட்டும் மாறும். இவரை ஆஞ்சியோ பரிசோதனைக்கு அனுப்புவீர்களா என்பது கேள்வி. கறுப்பினத்தவர்களை அனுப்பும் வாய்ப்பு வெள்ளையர்களைவிட 40 சதவீதம் குறைவு, பெண்களை அனுப்பும் வாய்ப்பு ஆண்களைவிட 40 சதவீதம் குறைவு என்று அமெரிக்க ஊடகங்கள் செய்தி வெளியிட்டன. நாடு அதிர்ந்தது.

ஆய்வுக்குள் இருந்த எண்கள் இவை: வெள்ளையர்களில் 90.6 சதவீதம் பேரையும், கறுப்பினத்தவர்களில் 84.7 சதவீதம் பேரையும் பரிசோதனைக்குப் பரிந்துரைத்தார்கள். ஆண்-பெண் ஒப்பீட்டிலும் இதே இரண்டு எண்கள்தான். 84.7ஐ 90.6ஆல் வகுத்தால் 0.93 வரும், அதாவது 7 சதவீதம் குறைவு. பிறகு 40 எங்கிருந்து வந்தது? ஆய்வாளர்கள் கணக்கிட்டது வேறொரு விகிதம். நடப்பதை நடக்காததால் வகுத்து, அப்படிக் கிடைத்த இரண்டு எண்களை அவர்கள் ஒப்பிட்டார்கள். வெள்ளையர்களுக்கு 90.6க்கு எதிர் 9.4, அதாவது ஏறத்தாழ 9.6. கறுப்பினத்தவர்களுக்கு 84.7க்கு எதிர் 15.3, அதாவது 5.5. இந்த இரண்டையும் ஒப்பிட்டால் 0.6 வருகிறது. புள்ளியியலில் இது முற்றிலும் முறையான கணக்கு. அபூர்வமான நிகழ்வுகளில் இது சாதாரண விகிதத்துக்கு மிக நெருக்கமாகவே இருக்கும். ஆனால் நூற்றுக்குத் தொண்ணூறு என்ற அளவில் நடக்கும் நிகழ்வுகளில் இரண்டும் வெகுதூரம் விலகிப்போகும். அன்றாட மொழியில் இரண்டையும் 'வாய்ப்பு' என்ற ஒரே சொல்லால் குறித்ததுதான் பிழைக்கு வாசல் திறந்தது.

அதே எண்களை வேறு பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். பரிசோதனைக்கு அனுப்பப்படாமல் விடப்பட்டவர்கள் 9.4 சதவீதமும் 15.3 சதவீதமும் என்றால், 'கறுப்பினத்தவர்கள் கைவிடப்படும் ஆபத்து 63 சதவீதம் அதிகம்' என்றும் எழுத முடியும். ஆக, 40 சதவீதம் குறைவு, 7 சதவீதம் குறைவு, ஏறத்தாழ 6 புள்ளிகள் குறைவு, 63 சதவீதம் அதிகம் என நான்கு வாக்கியங்கள், ஒரே உண்மை. அந்த ஆண்டு ஜூலையில் லிசா ஷ்வார்ட்ஸ், ஸ்டீவன் வொலோஷின், கில்பர்ட் வெல்ச் ஆகிய மூவர் அதே இதழில் இதை விளக்கி எழுதினார்கள். அவர்கள் சுட்டிக்காட்டிய இன்னொன்று மேலும் முக்கியமானது. வெள்ளை ஆண்கள், வெள்ளைப் பெண்கள், கறுப்பின ஆண்கள் ஆகிய மூன்று பிரிவினருக்கும் பரிந்துரை விகிதம் சரியாக 90.6 சதவீதம்தான். கறுப்பினப் பெண்களுக்கு மட்டும் அது 78.8 சதவீதம். வேறுபாடு முழுவதும் அந்த ஒரு பிரிவில்தான் குவிந்திருந்தது. மற்றவர்களில் நூற்றுக்கு ஒன்பது பேர் விடுபட்டார்கள் என்றால், இவர்களில் இருபத்தொரு பேர் விடுபட்டார்கள். 'கறுப்பினத்தவர்கள்', 'பெண்கள்' என்று பொதுப்படையாகப் பேசிய தலைப்புகள், ஒரு பக்கம் மிகைப்படுத்தின. மறுபக்கம், உண்மையில் யாருக்கு அநீதி நடந்தது என்பதையே மறைத்துவிட்டன. தெளிவற்ற ஒப்பீடு நல்ல நோக்கத்துக்குத் துணை போவதாகத் தோன்றினாலும் இறுதியில் பாதிக்கப்பட்டவரைத்தான் கைவிடுகிறது.

எவரில் எத்தனை பேர்?

விகிதம் சரியாகச் சொல்லப்பட்டாலும், யாரை வைத்து எண்ணினார்கள் என்பது தொலைந்துபோனால் பொருளே மாறிவிடும். 2020 நவம்பரில் ஃபைசர் தடுப்பூசி 95 சதவீதம் பலன் தருவது என்ற செய்தி வந்தது. தடுப்பூசி போட்ட நூறு பேரில் ஐந்து பேருக்குக் கோவிட் வரும் என்று படித்தவர்கள் மத்தியிலும் ஒரு புரிதல் பரவியது. சோதனையின் கணக்கு வேறு. தடுப்பூசி பெற்ற சுமார் 18,000 பேரில் 8 பேருக்கும், வெறும் உப்புநீர் ஊசி பெற்ற ஏறக்குறைய அதே எண்ணிக்கையினரில் 162 பேருக்கும் நோய் வந்தது. 162 வர வேண்டிய இடத்தில் 8 வந்ததால் 95 சதவீதம் குறைவு. அந்தச் சோதனைக் காலத்தில் தடுப்பூசி பெற்றவர்களில் நோய் கண்டவர்கள் ஆயிரத்துக்கு ஒருவர்கூட இல்லை. இங்கே குழப்பம் எதிர்த்திசையில் வேலை செய்தது. ஒரு நல்ல தடுப்பூசியை உண்மையில் இருந்ததைவிட மோசமாகக் காட்டியது.

மார்பகப் புற்றுநோய்க்கான மேமோகிராம் பரிசோதனையில் இதே தவறு மருத்துவர்களையே தடுமாறவைத்திருக்கிறது. ஜெர்மானிய உளவியலாளர் கெர்ட் கிகரென்சர் 160 மகளிர் நோய் மருத்துவர்களிடம் ஒரு கணக்கைக் கொடுத்தார். பரிசோதனைக்கு வரும் பெண்களில் நூற்றுக்கு ஒருவருக்குப் புற்றுநோய் இருக்கிறது. நோய் இருப்பவர்களில் 90 சதவீதத்தினருக்குப் பரிசோதனை 'பாசிட்டிவ்' காட்டும். நோய் இல்லாதவர்களிலும் 9 சதவீதத்தினருக்குத் தவறாகப் 'பாசிட்டிவ்' காட்டும். அப்படியானால் 'பாசிட்டிவ்' வந்த ஒரு பெண்ணுக்கு நோய் இருக்கும் வாய்ப்பு எவ்வளவு? சரியான விடை சொன்னவர்கள் 21 சதவீதத்தினர் மட்டுமே. ஆயிரம் பெண்களை மனத்தில் வைத்துக்கொண்டால் விடை தானாக வரும். அவர்களில் 10 பேருக்கு நோய், அந்தப் பத்தில் 9 பேருக்குப் பாசிட்டிவ். மீதி 990 பேரில் ஏறத்தாழ 89 பேருக்கும் பாசிட்டிவ். மொத்தம் 98 பாசிட்டிவ் முடிவுகளில் நோய் உள்ளவர்கள் 9 பேர்தான், அதாவது பத்தில் ஒருவர். 'நோய் இருப்பவர்களில் 90 சதவீதம் பேருக்குப் பாசிட்டிவ்' என்பதும் 'பாசிட்டிவ் வந்தவர்களில் 90 சதவீதம் பேருக்கு நோய்' என்பதும் காதுக்கு ஏறத்தாழ ஒன்றுபோல ஒலிக்கின்றன. முன்னது உண்மை, பின்னது, பத்தில் ஒன்பது பெண்களைத் தேவையில்லாத மரண பயத்தில் தள்ளும் பொய்.

எண்ணே இல்லாத சொற்களில் நிலைமை இன்னும் மோசம். 1951இல் யுகோஸ்லாவியா மீது தாக்குதல் நடக்கும் என்பதற்கு 'கணிசமான சாத்தியம்' உண்டு என்ற பொருளில் அமெரிக்க உளவு அமைப்பு ஓர் அறிக்கை எழுதியது. அந்த அமைப்பைச் சேர்ந்த ஷெர்மன் கென்ட், அதை எழுதிய தன் சகாக்களிடமே கேட்டுப் பார்த்தபோது, சிலர் 20 சதவீதத்தை மனத்தில் வைத்திருந்தார்கள், சிலர் 80 சதவீதத்தை வைத்திருந்தார்கள். ஒரே அறிக்கைக்கு ஒப்புதல் தந்தவர்கள் ஒரே பொருளில் தரவில்லை. 2024இல் அஸ்ட்ராஜெனகா நிறுவனம் லண்டன் நீதிமன்றத்தில், தன் கோவிட் தடுப்பூசி 'மிக அரிதாக' ரத்த உறைவு நோயை உண்டாக்கக்கூடும் என்று ஒப்புக்கொண்ட செய்தி வந்தபோது, கோவிஷீல்டு என்ற பெயரில் அதே தடுப்பூசியைப் போட்டுக்கொண்ட இந்தியர்களிடையே பெரும் அச்சம் பரவியது. 'மிக அரிது' என்றால் எவ்வளவு? பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021 ஏப்ரலிலேயே எண்ணைச் சொல்லியிருந்தது: 2 கோடி டோஸ்களில் 79 பேருக்குப் பாதிப்பு, அவர்களில் 19 பேர் இறப்பு, அதாவது பத்து லட்சத்துக்கு நான்கு. அதுவும் பெரும்பாலும் ஊசி போட்ட முதல் சில வாரங்களுக்குள் வருவது. எத்தனை பேரில், எந்தக் காலத்துக்குள் என்ற இரண்டு விவரங்கள் கூடவே போயிருந்தால், ஊசி போட்டு மூன்றாண்டுகள் கழித்து அந்தப் பயம் எழுந்திருக்காது. ஐரோப்பாவில் மருந்துக் குறிப்புகளுக்கு 'மிக அரிது' என்றால் 10,000 பேரில் ஒருவருக்கும் குறைவு, 'பொதுவானது' என்றால் 100 பேரில் ஒருவரிலிருந்து பத்துப் பேர் வரை என்று வரையறை உண்டு. வரையறை அலுவலகத்தில் இருக்கிறது. படிப்பவரின் மனத்தில் இல்லை. 'பொதுவான பக்கவிளைவு' என்று கண்டால் பாதிப் பேருக்கு வரும் என்று நினைப்பதே மனித இயல்பு.

மறுப்புகளுக்குப் பதில்

இதற்கு வலுவான எதிர்வாதங்கள் உண்டு. முதலாவது, மடங்குக் கணக்கு இல்லாமல் அறிவியலே நடக்காது என்பது. இது உண்மை. ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் பிரிட்டிஷ் மருத்துவர்களைத் தொடர்ந்து கவனித்து 1956இல் வெளியிட்ட முடிவில், புகைக்காதவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 0.07 பேரும், நாளுக்கு 25 சிகரெட்டோ அதற்கு மேலோ புகைப்பவர்களில் 1.66 பேரும் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார்கள். ஏறத்தாழ 24 மடங்கு. வேறு ஏதோ மறைந்திருக்கும் காரணத்தால் இவ்வளவு பெரிய வேறுபாடு வந்துவிட முடியாது என்று வாதிட அந்த மடங்குதான் உதவியது. ரொனால்டு ஃபிஷர் போன்ற மாபெரும் புள்ளியியலாளரின் சந்தேகத்தையும் மீறிப் புகையிலைக்கு எதிரான வாதம் நிலைத்தது. ஆனால் மடங்கு பதில் சொல்லும் கேள்வி, 'இதற்கு இது காரணமா?' என்பது. 'நான் என்ன செய்ய வேண்டும்?' என்ற கேள்விக்கு அதனால் தனியாகப் பதில் சொல்ல முடியாது. புகைப்பதால் இதய நோய் ஆபத்து கூடும் மடங்கு, அந்த 24 மடங்கோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. ஆனாலும் இதய நோய் எங்கும் பரவிய நோய் என்பதால், புகை அந்த வழியில் கொல்பவர்களின் எண்ணிக்கை மிகப் பெரியது. மடங்கை மட்டும் பார்ப்பவர் அந்த இறப்புகளைக் காணாமலே போவார். ஆய்வாளருக்கு உரிய கருவியை, முடிவெடுக்க வேண்டியவரிடம் தனியாகக் கொடுத்துவிட்டுப் போவதுதான் தவறு.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. ஏழாயிரத்தில் ஒருவர் என்று சொன்னால் ஆபத்து அற்பமாகத் தெரியும். ஆலைக்காரர்களும் மருந்து நிறுவனங்களும் அந்தச் சிறு எண்ணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்கள் என்கிறார்கள். புகைப்பவர்களில்கூட நுரையீரல் புற்றுநோயால் இறப்பவர்கள் ஆண்டுக்கு ஆயிரத்தில் இரண்டு பேருக்கும் குறைவு என்று சொல்லி சிகரெட் விற்க முடியும்தானே? முடியும். அதனால்தான் சிறு எண்ணை மட்டும் சொல்வதும் பாதி வாக்கியமே. ஆண்டுக்கு ஆயிரத்தில் சிலர் என்பது வாழ்நாள் கணக்கில் எவ்வளவு, கோடிக்கணக்கானவர்கள் வாழும் நாட்டில் எத்தனை உயிர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஏமாற்று அதிகமாக நடப்பது ஒரே பேச்சில் இரண்டு அளவுகோல்களைக் கலப்பதில்தான். மேமோகிராம் பிரசாரங்கள் இதற்கு உதாரணம். பரிசோதனை செய்துகொள்ளாத ஆயிரம் பெண்களில் சுமார் பத்தாண்டுகளில் 5 பேரும், செய்துகொண்ட ஆயிரம் பேரில் 4 பேரும் மார்பகப் புற்றுநோயால் இறப்பதை 'இறப்பு 20 சதவீதம் குறையும்' என்று பெரிதாக்கிச் சொல்வார்கள். பாதகங்களை மட்டும் இத்தனை பேரில் இத்தனை பேர் என்று சிறிதாக்கிச் சொல்வார்கள். நன்மைக்கும் தீமைக்கும் ஒரே அளவுகோல் என்பது குறைந்தபட்ச நேர்மை.

மூன்றாவது மறுப்பு நாளிதழ் மேசைகளில் அடிக்கடி கேட்பது: வாசகருக்கு எண் புரியாது, தலைப்பில் இடமும் இல்லை. புரியாது என்ற வாதத்துக்கு அந்த 160 மருத்துவர்களே பதில். ஆயிரம் பேரை வைத்து எண்ணும் முறையைச் சொல்லித்தந்த குறுகிய பயிற்சிக்குப் பிறகு, 21 சதவீதமாக இருந்த சரியான விடைகள் 87 சதவீதமாக உயர்ந்தன. பயிற்சிக்கு முன்பும் பின்பும் அவர்கள் அதே மருத்துவர்கள்தான். எண் வந்து சேர்ந்த வடிவம்தான் மாறியது. சீட்டு கட்டி, வட்டி கணக்கிட்டு, மளிகைக்கடைத் துண்டுச்சீட்டைச் சரிபார்க்கும் ஒரு சமூகத்துக்கு 'ஆயிரம் பேரில் ஒருவர்' என்பது புரியாது என்று சொல்வது அந்தச் சமூகத்தை மதிக்காத பேச்சு. இடமும் ஒரு தடையாகாது. 'புற்றுநோய் ஆபத்து 18% அதிகம்' என்பதற்குப் பதில் 'நூறு பேரில் ஆறு, இனி ஏழு' என்று எழுதினால் தலைப்பு நீண்டுவிடாது.

ஆகவே கேட்க வேண்டியது பெரிய சீர்திருத்தம் இல்லை. ஆபத்தையோ பலனையோ ஒப்பிடும் எந்தச் செய்தியிலும், எந்த மருத்துவ அறிவுரையிலும், எந்த அரசு அறிவிப்பிலும் நான்கு விவரங்கள் ஒன்றாக நிற்க வேண்டும்: எவரில், எத்தனை பேரில், எவ்வளவு காலத்துக்குள், முன்பு எவ்வளவாக இருந்து இப்போது எவ்வளவு. மடங்கையும் சதவீதத்தையும் அவற்றுக்குப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். அவற்றுக்கு மாற்றாக வைக்கக் கூடாது. மூல ஆய்வில் அந்த அடிப்படை எண் இல்லையென்றால், அது கிடைக்கும்வரை செய்தி ஆசிரியர் காத்திருக்கலாம். ஒரு மருந்தைச் சாப்பிடுவதா, ஓர் அறுவை சிகிச்சைக்கு உடன்படுவதா, ஒரு தடுப்பூசியை ஏற்பதா என்ற முடிவு அந்த உடலுக்கு உரியவருடையது. அவர் தரும் சம்மதத்துக்குச் சட்டத்தில் மதிப்பு உண்டு. அந்த மதிப்பு, அவருக்கு முழு வாக்கியம் சொல்லப்பட்டது என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. அடிப்படை எண்ணை மறைத்துவிட்டு மடங்கை மட்டும் நீட்டுபவர், நல்லெண்ணத்தோடு செய்தாலும், முடிவை அவர் சார்பில் தானே எடுத்துவிடுகிறார். மருத்துவர் அறையிலும் சரி, செய்தி படிக்கும்போதும் சரி, 'நூற்றுக்கு எத்தனை பேர்?' என்று கேட்பது அந்த உரிமையைத் திரும்பக் கேட்பதுதான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள், கேள்வி எழும்வரை காத்திருக்காமல் பதிலை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும்.